ஜார்ஜ் பெஸ்ட்: புதிய கல்லீரல் கிடைத்த பிறகும் குடியை விட முடியாமல் போனது ஏன்?

2005 நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் ஞாயிறு பத்திரிகை ஒன்றில் ஒரு மருத்துவமனைப் புகைப்படம் வெளியானது. படுக்கையில் ஒருவர் கிடக்கிறார். தோல் முழுக்க மஞ்சள் பூத்திருக்கிறது. உடம்பில் குழாய்கள். அந்தப் படத்தை வெளியிடச் சொன்னது வேறு யாரும் இல்லை, படத்தில் இருந்தவரேதான். தன்னைப் போல யாரும் சாக வேண்டாம் என்பதுதான் அதோடு அவர் சொல்லி அனுப்பிய ஒரே செய்தி. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 25 அன்று, இறந்துபோனார். வயது 59.

அவர் ஜார்ஜ் பெஸ்ட். கால்பந்து உலகம் கண்ட மிகச் சிறந்த விங்கர்களில் ஒருவர். சாவதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான், யாரோ ஒருவர் இறந்து தானமாகத் தந்த கல்லீரல் அவருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் பிறகும் குடித்தார்.

குடிப்பவர் இருக்கும் எந்த வீட்டிலும் எழும் கேள்விதான் இவர் விஷயத்திலும் எழுந்தது. குடித்தால் செத்துப்போவோம்னு தெரிஞ்சும் ஒரு மனுஷன் ஏன் குடிக்கிறான்? பணம், புகழ், லண்டனின் பெரிய மருத்துவர்கள் என எல்லாம் இருந்தும் பெஸ்ட்டால் ஏன் முடியவில்லை? அவர் வாழ்க்கையை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கிறது.

வீட்டு ஞாபகத்தில் ஓடிவந்த 15 வயதுப் பையன்

பெஸ்ட் பிறந்தது 1946 மே 22, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில். அப்பா டிக்கி, ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளி. டைட்டானிக் கட்டப்பட்டதும் அங்கேதான். அம்மா ஆன், புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நன்றாக ஹாக்கியும் ஆடியவர்.

மான்செஸ்டர் யுனைடெட் அணிக்குத் திறமைசாலிகளைத் தேடித் தந்துகொண்டிருந்த பாப் பிஷப்பின் கண்ணில் பட்டபோது பெஸ்ட்டுக்கு 15 வயது. மேனேஜர் மேட் பஸ்பிக்குத் தந்தி பறந்தது. ஆனால் மான்செஸ்டர் போன பையன், வீட்டு ஞாபகம் தாங்காமல் உடனே ஊர் திரும்பிவிட்டான். கொஞ்ச நாள் கழித்துத்தான் மறுபடி போனான். கூச்ச சுபாவம், ஒல்லி உடம்பு. பந்து காலில் வந்துவிட்டால் மட்டும் வேறு ஆள்.

1963 செப்டம்பர் 14, 17 வயதில் முதல் ஆட்டம். 1966 மார்ச் 9, லிஸ்பனில் பென்ஃபிகா அணியை யுனைடெட் 5-1 என வென்ற இரவில் இரண்டு கோல். நீள முடி, அழகான முகம். பத்திரிகைகள் அவரை ஐந்தாவது பீட்டில் என்று அழைக்க ஆரம்பித்தன. கால்பந்து வீரர் ஒருவர் பாப் பாடகர் மாதிரி கொண்டாடப்படுவது அப்போது புதுசு. அந்த வயதில் அதை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தர ஆளும் இல்லை, அனுபவமும் இல்லை.

22 வயதில் உச்சம், 27 வயதில் வெளியே

பெஸ்ட்டின் விளையாட்டு வாழ்க்கை, சில எண்களில்:

- யுனைடெட்டுக்கு 470 ஆட்டங்கள், 179 கோல்கள்.
- 1968: ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் கோல். அதே ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது. வயது 22.
- 1970 பிப்ரவரி: நார்த்தாம்ப்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 6 கோல்.
- வட அயர்லாந்துக்கு 37 ஆட்டங்கள். உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட இல்லை.
- 1974 ஜனவரி 1: யுனைடெட்டுக்குக் கடைசி ஆட்டம். வயது 27.

22-க்கும் 27-க்கும் இடையிலான அந்த ஐந்து ஆண்டுகளில்தான் எல்லாம் நடந்தது. பயிற்சிக்கு வராமல் இருந்தார். அணி போகும் ரயிலைத் தவறவிட்டார். 1972-ல் ஓய்வு என்று அறிவித்தார், திரும்பி வந்தார், மறுபடி காணாமல் போனார். நைட் கிளப் முதலாளியும் ஆனார். குடியோடு போராடும் ஒருவர் மதுக்கூடத்துக்கே முதலாளி!

அதன் பிறகு ஊர் ஊராக ஆடினார். இங்கிலாந்தில் ஃபுல்ஹாம், ஸ்காட்லாந்தில் ஹைபர்னியன், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ், ஃபோர்ட் லாடர்டேல், சான் ஹோசே. அவர் பெயரைப் போட்டால் டிக்கெட் விற்கும். அவர் ஆட வருவாரா என்பதுதான் யாருக்கும் தெரியாது.

பெல்ஃபாஸ்ட்டில் அம்மா

பெஸ்ட்டின் கதையில் பலரும் தாண்டிப் போய்விடும் பாத்திரம் அவருடைய அம்மா. நாற்பது வயதைத் தாண்டும்வரை ஆன் மதுவைத் தொட்டதே இல்லை. மகன் பிரபலமான பிறகு, வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள், தெருவில் வம்பு பேச்சு. அந்த நெருக்கடியில் குடிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. 1978-ல், அறுபதைத் தொடும் முன்பே இறந்துபோனார். அந்தச் சாவில் குடிக்குப் பங்கு இருந்தது. தூரத்தில் இருந்துகொண்டு அம்மாவைக் கவனிக்காமல் விட்டோம் என்ற குற்றவுணர்வு பெஸ்ட்டைக் கடைசிவரை விடவில்லை.

குடிநோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டா? உண்டு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, ஆபத்தில் ஏறக்குறைய பாதி மரபணுவோடு தொடர்புடையது. மீதி பாதி சூழல். அப்பா, அம்மா குடித்தால் பிள்ளை குடித்தே தீரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எளிதில் சிக்கிக்கொள்ளும் உடம்பு சிலருக்கு அமைகிறது என்றுதான் அர்த்தம்.

எல்லோரும் சிரித்தார்கள்

1984 டிசம்பரில், குடித்துவிட்டு கார் ஓட்டியது, போலீஸ்காரரைத் தாக்கியது உள்ளிட்ட குற்றங்களுக்காக அவருக்கு 12 வாரச் சிறை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஜெயிலில். 1990-ல் தொலைக்காட்சி நேரலை ஒன்றில் முழு போதையில் வந்து உட்கார்ந்தார். அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

குடி பற்றி அவரே சொன்ன ஜோக்குகள் இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன. நம்ம சினிமாவிலும் குடிகாரர் காமெடி இருக்கிறது இல்லையா, அதே மாதிரிதான். வீட்டில் இருந்தவர்களுக்கு அது ஜோக் இல்லை. இரண்டு திருமணங்களும் விவாகரத்தில் முடிந்தன. தன்னை அடித்ததாக இரண்டாவது மனைவி அலெக்ஸ் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். நோய் என்பது ஒரு விளக்கம். அடி வாங்கியவருக்கு அது சமாதானம் ஆகாது.

மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது?

பெஸ்ட் சிகிச்சையே எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. டைசல்ஃபிரம் என்ற மருந்தை வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்துக்கொண்டார், அதுவும் ஒரு தடவைக்கு மேல். குடிக்கும் மதுவை உடம்பு வழக்கமாக உடைத்து வெளியேற்றும். இந்த மருந்து அந்த வேலையைப் பாதியில் தடுத்துவிடும். அப்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பதுதான் வழி.

ஆனால் குடிக்க வேண்டும் என்ற ஏக்கத்தை இந்த மருந்து குறைப்பதில்லை. மருந்தின் பலம் தீர்ந்ததும் ஏக்கம் அப்படியே காத்திருக்கும். நம்மூரில் இதே மருந்தைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மருந்து இருப்பது தெரியாமல் அவர் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

10 மணி நேர அறுவை சிகிச்சை

2000-ல் பெஸ்ட்டின் கல்லீரல் கடுமையாகச் சேதமடைந்திருப்பது தெரியவந்தது. 2002 ஜூலை 30, லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் மாற்று அறுவை சிகிச்சை. சுமார் 10 மணி நேரம். பிழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டே மதுக்கூடத்தில் அவரைப் பார்த்தார்கள். 2004 தொடக்கத்தில் குடித்துவிட்டு கார் ஓட்டிய வழக்கில் 20 மாதம் லைசென்ஸ் போனது. 2005 அக்டோபரில் மறுபடி மருத்துவமனை. மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். தொற்று வந்தது, பரவியது, உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்தக் கல்லீரலை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கலாமே என்று பிரிட்டனில் பலர் கோபப்பட்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களின் குடும்பங்களை நினைத்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் ஒரு பிரபலத்தின் கதை தரவு ஆகாது. குடியால் கல்லீரல் கெட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் பழையபடி பெருங்குடிக்குத் திரும்புவதில்லை. பெஸ்ட் அந்தச் சிறுபான்மையில் ஒருவர். அவரைக் காட்டி மற்ற நோயாளிகளுக்கான கதவை மூடுவது நியாயமில்லை.

மீண்டவர்களிடம் என்ன இருந்தது?

அதே காலத்தில் அதே ஊர்களில் ஆடியவர் ஜிம்மி கிரீவ்ஸ். இங்கிலாந்துக்காக 57 ஆட்டங்களில் 44 கோல். அவரும் குடியில் எல்லாம் இழந்தவர்தான். 1978-ல் நிறுத்தினார். 2021-ல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், தொடவில்லை. ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸும் குடித்துவிட்டு கார் ஓட்டி ஜெயிலுக்குப் போனவர். 1996-ல் தான் குடிநோயாளி என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2000-ல் விளையாட்டு வீரர்களுக்காகவே ஒரு மறுவாழ்வு அமைப்பைத் தொடங்கினார்.

இவர்களுக்கு பெஸ்ட்டைவிட மன உறுதி அதிகம் என்று சொல்லிவிடுவது சுலபம். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இருவரும் தங்களைப் போன்ற மற்ற குடிநோயாளிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். தினமும் செய்யும் வேலையாக அதை எடுத்துக்கொண்டார்கள். பெஸ்ட்டும் அப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தார், ஆனால் ஒட்டவில்லை. எங்கே போனாலும் அவர் ஜார்ஜ் பெஸ்ட்டாகவே இருக்க வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். குடிநோயிலிருந்து மீள்வது அப்படி முடிகிற வேலை இல்லை.

2005 டிசம்பர் 3, மழையில் பெல்ஃபாஸ்ட் தெருக்களில் சுமார் ஒரு லட்சம் பேர் நின்றார்கள். அடுத்த ஆண்டு, அவருடைய 60-வது பிறந்தநாள் அன்று, நகர விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அவரைப் புதைத்தது ரோஸ்லான் கல்லறைத் தோட்டத்தில், அம்மாவின் பக்கத்தில்.

கவனிக்க: பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். போதை மறுவாழ்வு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் மத்திய அரசின் இலவச எண்கள்.