கெயின்ஸ் பிரபு கற்ற பொறுமை

பொருணூல் எழுதிய புலவர் பலர். பொருளை ஈட்டிக் காத்துக் காட்டினார் சிலரே. இவ்விரு திறனும் ஒருங்கே வாய்ந்தவர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் பிரபு. அரசாங்கங்களுக்கு அவர் உரைத்த கொள்கைகள் பலரும் அறிந்தனவாதலின் ஈண்டு அவற்றை விரிக்கப் புகுந்தோமில்லை. பங்குச் சந்தையிலே அவர் பட்ட பாட்டையும், அதனால் அடைந்த பொறுமையையும் மட்டுமே சுருங்கக் கூறுவோம். ஒரு கலாசாலையின் பர்ஸாராய் இருந்து அதன் நிதியைக் காத்தவராதலின், அவர் வரலாறு நம்மனோர்க்கு ஒருவாற்றான் உறவுடையதுமாம்.

கெயின்ஸ் 1883ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் தேதி கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரத்துப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியர். அன்னையார் பிற்காலத்தில் அந்நகரின் மேயராய் விளங்கியவர். ஈட்டன் பள்ளியிலும் கிங்ஸ் கலாசாலையிலும் கற்றுத் தேறியபின், 1906 முதல் 1908 வரை லண்டன் இந்தியா ஆபீஸில் உத்தியோகம் பார்த்தார். 1913இல் வெளிவந்த அவரது முதல் நூல் இந்திய நாணய முறையைப் பற்றியதே. முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் பொக்கிஷ இலாகாவில் பணியாற்றினார். யுத்தம் முடிந்தபின் ஜெர்மனியின்மேல் சுமத்தப்பட்ட நஷ்ட ஈடு தாங்கொணாதது எனக் கண்டு, 1919இல் அப்பதவியைத் துறந்து, அதனைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அந்நூலால் அவர் புகழ் எங்கும் பரவிற்று.

அவ்வாண்டிலேயே கெயின்ஸ் நாணயமாற்று வியாபாரத்திலும் இறங்கினார். ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகளின் நாணயங்கள் மதிப்புக் குன்றும் என்பது அவர் துணிபு. அவ்வாறு குன்றுமாயின் லாபம் பெறத்தக்க வகையில், சிறு முன்பணம் மட்டும் கட்டிப் பெருந்தொகைக்குப் பேரம் செய்தார். நண்பர்களின் பணத்தையும் அதில் இட்டார். 1920ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அந்நாணயங்கள் சில வாரங்கள் எதிர்பாராது ஏறின. முன்பணம் முழுவதும் கரைந்தது. செல்வர் ஒருவர் கொடுத்த 5,000 பவுன் கடனும், தம் நூலுக்காகப் பதிப்பாளர் அளித்த 1,500 பவுனும் அவரைத் தாங்கின. பின்னர் அந்நாணயங்கள் அவர் எண்ணியவாறே வீழ்ந்தன. 1922 இறுதிக்குள் நண்பர்க்குப் பட்ட கடனையும் தீர்த்தார். அவர் கணிப்புப் பிழையன்று. அது பலிக்குமளவும் காத்திருக்கும் வலிமை கடன்பட்ட கைக்கு இல்லாமற் போயிற்று.

இவ்வடி ஒன்றால் அவர் முற்றும் திருந்தினாரல்லர். உலக வியாபாரத்தின் ஏற்ற இறக்கத்தை முன்னரே அறிந்து, இறங்குமுன் விற்று ஏறுமுன் வாங்கலாம் எனக் கருதினார். ரப்பர், பருத்தி, தகரம் முதலிய சரக்குகளிலும் பேரம் செய்தார். 1928இல் சரக்கு விலைகள் வீழவே, கட்டவேண்டிய முன்பணத்துக்காகத் தம் பங்குகளைக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. 1927 முடிவில் ஏறத்தாழ 44,000 பவுனாக இருந்த அவர் செல்வம், 1929 முடிவில் 8,000 பவுனுக்கும் குறைந்தது. பொருளாதாரம் கற்ற பேரறிஞராயினும், 1929இல் நியூயார்க்குச் சந்தை சரிந்ததை அவர் முன்னறிந்தாரில்லை.

இதன்பின் அவர் தாம் வகுத்த முறையைத் தாமே கைவிட்டார். சந்தை நாளை எவ்வாறு அசையும் என்று ஆராய்வதை விடுத்து, கம்பெனிகளின் உண்மை மதிப்பை ஆராயலானார். அம்மதிப்பினும் மலிந்த விலையில் கிடைக்கும் சில பங்குகளையே தேர்ந்தெடுத்துப் பெருமளவில் வாங்கி, ஆண்டுக்கணக்காக வைத்திருப்பதே அவர் புதிய நெறி. 1936இல் வெளியிட்ட பெருநூலிலும், பிறர் மனத்தைப் பிறர் ஊகித்தலையே தொழிலாகக் கொள்ளும் சந்தையின் இயல்பை விளக்கியுள்ளார்.

அந்நெறிக்குச் சோதனை விரைவில் வந்தது. 1937இல் இருதய நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. பங்கு விலைகளும் அவ்வாண்டிலேயே வீழத் தொடங்கின. 1936 முடிவில் 5,00,000 பவுனைக் கடந்திருந்த அவர் சொந்தச் செல்வம், 1938 முடிவில் 2,00,000 பவுனுக்கும் கீழ் இறங்கிற்று. கலாசாலை நிதியும் பெரிதும் குறைந்தது. 1921 முதல் அவர் தலைமை வகித்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிலோ நஷ்டம் பற்றிக் குறை கூறினர். அவர் 1938இல் அப்பதவியினின்றும் விலகினார். அவ்வாண்டிலேயே கலாசாலையாருக்குத் தம் நெறியை எழுத்தில் விளக்கினார்: விலை வீழ்ந்துவிட்டது என்னும் ஒரே காரணத்தால் நல்ல பங்குகளை விற்றோடுதல் தகாதென்பதும், காலநோக்கி வாங்கி விற்பது இயலாத காரியமென்பதும் அதன் சாரம். கலாசாலையாரும் அவரிடம் வைத்த நம்பிக்கையை இழந்தாரல்லர்.

அந்நம்பிக்கை வீண்போகவில்லை. 1924இல் முதல் பர்ஸாராகி இறுதிவரை அப்பதவியில் இருந்தார் கெயின்ஸ். அவர் ஆண்ட செஸ்ட் நிதி 1920இல் 30,000 பவுன் அளவினது; அவர் காலமுடிவில் ஏறத்தாழ 3,80,000 பவுனாக உயர்ந்தது. அதன் வருமானமோ கலாசாலைக்கே செலவிடப்பட்டு வந்தது. 1946ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் தேதி ஸஸெக்ஸிலுள்ள தம் இல்லத்தில் அவர் காலமானார்.

பொறுமை என்பது கைகட்டிச் சும்மா இருத்தலன்று என்பதை இவ்வரலாற்றால் உணர்கின்றோம். வாங்குமுன் வருந்தி ஆராய்ந்தவனுக்கே வாங்கியபின் பொறுக்கும் துணிவு உண்டாகும். கடன்பட்டு வாங்கியவனோ, பொறுக்க விரும்பினும் பொறுக்க இயலாதவனாவான். பிடிவாதத்தையும் பொறுமையென மயங்குதல் கூடாது. பயன்படாதெனக் கண்ட தம் முறையைக் கெயின்ஸ் விட்டொழித்தாரன்றோ! விடத்தக்கதை விடவும் பற்றத்தக்கதைப் பற்றவும் அவர் கற்க இருபது ஆண்டுகள் சென்றன. அக்கல்விக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது; அதன் பயனை நாம் இக்கட்டுரையளவில் எளிதிற் பெறுகின்றோம்.