துறைமுகக் கூலிகளின் கர்தினால்

வாசகரே, விடியுமுன் எழுந்து, வயிற்றில் ஒன்றும் போடாமல், இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமலே வீட்டை விட்டுப் புறப்படும் ஒரு குடும்பத் தலைவனை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுக வாசலில் அவனைப்போல் நூற்றுக்கணக்கானவர்கள் காத்து நிற்கிறார்கள். கம்பி அடைப்புக்கு அப்பால் மேஸ்திரி வேலைச் சீட்டுகளோடு வருகிறார். உடனே தள்ளுமுள்ளு! ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறுகிறான், சட்டை கிழிகிறது, கிழவர்கள் மிதிபடுகிறார்கள். சீட்டுக் கிடைத்தவனுக்கும் நாள் முழுதும் வேலையென்று நிச்சயமில்லை. ஒரு மணி நேரத்தில் வேலை தீர்ந்துபோனால் 5 பென்ஸை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

இது நடந்தது உலகத்திலேயே பெரிய வியாபாரப் பட்டணமாகிய லண்டனில், 1880-களில். முந்தின நாளிலிருந்து சாப்பிடாமல் வேலைக்கு வருகிறவர்கள் உண்டென்றும், பசியினால் அவர்கள் ஒரு மணி நேரத்துக்குமேல் உழைக்கமாட்டாமல் கூலியை வாங்கிப்போய் எதையாவது சாப்பிடுகிறார்களென்றும் சாட்சி சொன்னவர், தொழிலாளர் தலைவரல்ல. துறைமுகக் கம்பெனி ஒன்றின் மானேஜரே.

இந்தக் கூலிகளில் ஏராளமானோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கர். அவர்களுடைய மேய்ப்பர்தான் கர்தினால் ஹென்றி எட்வர்ட் மானிங்.

அவர் ஏழை வீட்டுப் பிள்ளையென்று எண்ணிவிடாதீர்கள். 1808-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தவர். தகப்பனார் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை வியாபாரி; பார்லிமெண்டு அங்கத்தினர்; இங்கிலாந்து பாங்கியின் கவர்னராகவும் இருந்தவர். அந்தச் சர்க்கரை கறுப்பு அடிமைகளின் வேர்வையில் விளைந்தது. அது லண்டனில் வந்திறங்கிய இடம் மேற்கிந்தியத் துறைமுகம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

மானிங் ஆக்ஸ்போர்டில் படிப்பை முடித்த சமயத்தில் தகப்பனாரின் வியாபாரம் முறிந்து, குடும்பம் நொடித்துப்போயிற்று. அவர் ஆங்கிலிக்கன் சபையில் குருவாகி, சஸெக்ஸ் நாட்டுப்புறத்தில் லாவிங்டன் என்ற ஊரில் ஊழியம் செய்தார். 1833-ல் விவாகம் செய்துகொண்டார். நாலே வருஷத்தில் மனைவி காசநோயால் இறந்தாள். அதன்பின் அவர் மறுமணத்தை நினைக்கவேயில்லை. 1851-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, அதே ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். 1865-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அதிமேற்றிராணியார், 1875-ல் கர்தினால்.

குணத்தில் அவர் எளிதான மனிதரல்ல. பிடிவாதம் அதிகம். கர்தினால் நியூமனோடு அவருக்கிருந்த மனத்தாங்கல் ஊரறிந்தது. ஆனால் ஏழைகள் விஷயத்தில் அந்தப் பிடிவாதமே பெரிய வரமாக இருந்தது. லண்டனில் ஒரு பெரிய தேவாலயம் கட்டவேண்டுமென்று எல்லாரும் வற்புறுத்தியபோது, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் வேண்டும், அதுவே முந்தின காரியமென்று நின்றார். தேவாலயத்துக்கு நிலம் வாங்கினாரேயன்றிக் கட்டிடம் எழுப்பவில்லை.

1872-ல் வயற்கூலிகளுக்காக லண்டனில் கூடிய பொதுக்கூட்டத்தில் மேடையேறிப் பேசினார். 1874-ல் லீட்ஸ் நகரில் உழைப்பின் மேன்மையையும் உரிமைகளையும் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். முதலாளிக்குப் பணம் எப்படிச் சொத்தோ, அப்படியே தொழிலாளிக்கு அவனுடைய உழைப்பும் சொத்து. அதைக் கொடுக்கவும் கொடாமலிருக்கவும், மற்றவர்களோடு சங்கம் சேர்ந்து காத்துக்கொள்ளவும் அவனுக்கு நியாயம் உண்டு. குடும்ப வாழ்க்கையைப் பாழாக்கும் வேலை நேரம் நியாயமானதல்ல. இவையே அவர் எடுத்துச் சொன்னவை. செல்வந்தரான கத்தோலிக்கர் சிலர் முகம் சுளித்தார்கள். கர்தினால் சோஷலிஸ்டு ஆகிவிட்டாரென்ற பேச்சும் கிளம்பிற்று. அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

1889 ஆகஸ்டு 14-ந் தேதி, லண்டனில் வேலைநிறுத்தம் வெடித்தது. எங்கேயென்றால், அதே மேற்கிந்தியத் துறைமுகத்தில்! பென் டில்லட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் தலைவர்கள். கேட்டது அதிகமல்ல: மணிக்கு 5 பென்ஸ் போதாது, 6 பென்ஸ் வேண்டும், கூடுதல் நேரத்துக்கு 8 பென்ஸ், ஒருவனை வேலைக்கு அழைத்தால் குறைந்தது நாலு மணி நேரக் கூலியாவது கொடுக்கவேண்டும். இந்த மூன்றாவது கோரிக்கையின் அருமை, வாசலில் காத்து நின்றவனுக்குத்தான் தெரியும்.

சில நாட்களில் தேம்ஸ் நதியில் கப்பல்கள் அசையாமல் நின்றன. கூலிகள் அழுகிய மீன் தலைகளையும் வெங்காயத்தையும் கழிகளில் குத்திக்கொண்டு, தாங்கள் தின்னும் சாப்பாடு இதுதான் பாருங்கள் என்று காட்டியபடி ஊர்வலம் போனார்கள். கலகமில்லை, கொள்ளையில்லை. ஆனால் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கைப்பணம் வற்றியபோது ஆஸ்திரேலியாவின் தொழிலாளரும் பொதுமக்களும் 30,000 பவுனுக்கு மேல் அனுப்பிவைத்தார்கள். அந்த உதவி வராதிருந்தால் பசியே அவர்களைத் தோற்கடித்திருக்கும்.

மானிங்குக்கு அப்போது 81 வயது. மெலிந்து எலும்பும் தோலுமான தேகம். அவர் தாமாகவே கம்பெனி டைரெக்டர்களிடம் போனார், அவர்கள் இணங்கவில்லை. நகர மேயரோடும் ஆங்கிலிக்கன் மேற்றிராணியாரோடும் சேர்ந்து மத்தியஸ்தம் செய்தார். கடைசியில் கம்பெனிக்காரர் 6 பென்ஸுக்குச் சம்மதித்தார்கள். ஆனால் ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் என்றார்கள். அவ்வளவு நாள் பொறுக்கமாட்டோமென்று தொழிலாளர் மறுத்துவிட்டார்கள். எல்லாம் முறிந்தது. ஆங்கிலிக்கன் மேற்றிராணியார் ஊரை விட்டுப் புறப்பட்டார். கிழவர் மட்டும் விடவில்லை.

நவம்பர் 4-ந் தேதியிலிருந்து புதுக் கூலி என்று ஒரு நடுவழி பிறந்தது. அது அர்ச். சார்லஸ் பொரோமேயோவின் திருநாள். மானிங் 1857-ல் தாம் ஏற்படுத்திய குருக்கள் சபைக்கு அந்த அர்ச்சியசிஷ்டரின் பெயரையே இட்டிருந்தார். இந்த நடுவழியைத் தொழிலாளரை ஏற்கச் செய்வதுதான் கஷ்டம். வாசகரே, பட்டினி கிடக்கும் மனிதரிடம் போய், நீங்கள் கேட்பது நியாயந்தான், ஆனாலும் இன்னும் சில வாரம் பொறுங்கள் என்று சொல்வது சாமானியமா? முதலாளிமாரைக் கண்டிப்பது அதைவிட எளிது.

செப்டம்பர் 10-ந் தேதி மாலையில் பாப்லர் பகுதியிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் வேலைநிறுத்தக் கமிட்டியாரைச் சந்தித்தார். மணிக்கணக்காக விவாதம் நடந்தது. அவரவர் சொன்னதையெல்லாம் கேட்டார். கோபித்தவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இழுத்துக்கொண்டே போனால் அதன் பாரம் பெண்கள் பிள்ளைகள் தலையில் விழும் என்று எடுத்துரைத்தார். அவர் நின்ற இடத்துக்கு மேலே குழந்தை சேசுவை ஏந்திய தேவமாதாவின் சுரூபம் இருந்தது. அங்கே ஓர் ஒளி தோன்றியதாகச் சிலர் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். ஒளியோ விளக்கோ, ஓட்டெடுத்தபோது சமாதானத்துக்கு 28, எதிராக 15.

14-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 16-ந் தேதி எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். மணிக்கு 6 பென்ஸ் வந்தது. அழைக்கப்பட்டவனுக்குக் குறைந்தது 2 ஷில்லிங் என்ற உறுதியும் வந்தது. அதிகம் பேசப்படாத ஷரத்து ஒன்றும் உண்டு. நிறுத்தத்தில் சேராமல் வேலை செய்தவர்களைத் தொந்தரவு செய்யோமென்று தொழிலாளரும், நிறுத்தத்தில் சேர்ந்தவரென்று யாரையும் ஒதுக்கோமென்று கம்பெனியாரும் வாக்குக் கொடுத்தார்கள். அரை வயிற்றோடு ஐந்து வாரம் போராடியவனுக்கு, போராடாதவனோடு பக்கத்தில் நின்று மூட்டை தூக்கு என்று சொல்வது சுலபமான கட்டளையல்ல. என் எண்ணத்தில், கூலியை விட இதுவே அந்த ஒப்பந்தத்தின் கனமான பகுதி.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வாசலில் காத்து நின்று அன்றாடம் வேலை பெறும் வழக்கம் பிரிட்டிஷ் துறைமுகங்களில் 1967 வரையில் முழுதும் ஒழியவில்லை. ஆனாலும் கூலிகளுக்குச் சொந்தமாக ஒரு சங்கம் நிலைத்தது. 1890-ல் மானிங் மேற்றிராணியாராகி 25 வருஷம் நிறைந்தபோது, அவர்கள் தங்கள் சொற்பக் கூலியில் மிச்சம் பிடித்துக் காணிக்கை கொடுத்தார்கள். அதை அவர் ஏழை நோயாளி ஒருவருக்குப் படுக்கை ஏற்படுத்த லண்டன் ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார். 1891 மே மாதம் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளர் நிலைமையைப் பற்றி வெளியிட்ட ரேரும் நோவாரும் என்ற நிருபத்தைக் காணவும் ஆண்டவர் அவருக்கு ஆயுள் தந்தார். கர்தினால் பதினேழு வருஷத்துக்கு முன் லீட்ஸில் பேசியதை நினைவூட்டும் பகுதிகள் அதில் பல உண்டு.

1892 ஜனவரி 14-ந் தேதி காலையில் அவர் இறந்தார். அதே நாள் மகாராணியின் பேரனும் இறந்ததால் தேசமெங்கும் அரச துக்கம். ஆனால் கிழக்கு லண்டனின் தெருக்களிலிருந்து வந்த ஜனங்கள் அழுதது கர்தினாலுக்காக. அவருடைய சவ அடக்கத்தின்போது கென்சல் கிரீன் கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் தொழிலாளரும் அவர்கள் குடும்பங்களும் நெருக்கமாக நின்றார்கள். 1907-ல் அவருடைய சரீரத்தை எடுத்து, அவர் கட்டாமல் விட்டு, அவருக்குப்பின் வந்தவர் எழுப்பிய வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் நிலவறையில் வைத்தார்கள்.