திராட்சைக்குக் காவல் கண்ட மில்லார்டே

ஈரம் பயிர்க்கு உயிராம். மிக்க ஈரமோ திராட்சைக் கொடிக்குக் கூற்றாம். கடற்காற்றும் மழையும் மிகுந்த நிலத்தில் அக்கொடியைக் காக்க வழிகண்ட பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

பியேர் மில்லார்டே என்பார் 1838-ம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஜூராப் பகுதியில் பிறந்தார். ஜெர்மனியில் தாவர நூல் பயின்று, 1876-ல் போர்டோ நகரில் பேராசிரியராக அமர்ந்தார். அட்லாண்டிக் மாகடலை அடுத்த அந்நாடு திராட்சை மதுவுக்குப் பெயர் பெற்றது. அந்நாளில் பிலாக்சரா என்னும் பூச்சி வேர்களைத் தின்று தோட்டங்களைப் பாழாக்கிற்று. அதனைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடிகளின் வேர்மீது உள்நாட்டுக் கொடிகளை ஒட்டும் பணியில் மில்லார்டே பெரிதும் உழைத்தார். ஆயின் அவ்வயல்நாட்டுக் கொடிகளுடன் அடிச்சாம்பல் நோயும் கப்பலேறி வந்தது. 1878-ல் பிரான்சில் தலைகாட்டிய அந்நோயால் இலைகள் உதிர்ந்தன. இலையிழந்த கொடியின் பழம் இனிப்பெய்தாது நின்றது.

1882-ல் சேன் ஜூலியன் என்னும் ஊரின் வழியே சென்ற மில்லார்டே, பாதையோரக் கொடிகள் மாத்திரம் இலையோடு விளங்கக் கண்டார். அவ்விலைகளில் நீலநிறம் படிந்திருந்தது. தோட்டத்துக் காரியஸ்தரை வினவினார். வழிப்போக்கர் பழத்தைத் திருடாதிருக்கும்பொருட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தல் அவ்வூர் வழக்கம் என்று அறிந்தார். கள்வரை விலக்கிய கலவையே நோயையும் விலக்கிற்று என்பது அவருக்குப் புலனாயிற்று. ரசாயன அறிஞர் கேயோன் துணையுடன் பலகால் சோதித்து, 1885-ல் அதனை உலகறிய வெளியிட்டார். அதுவே போர்டோக் கலவை. 1902-ல் மில்லார்டே காலமானார்.

நம் புதுக்கோட்டைச் சீமையில் திராட்சை அருமை. தென்னையே குடும்பங்களின் வாழ்வு. 2018 நவம்பரில் கஜாப் புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நாம் மறவோம். எஞ்சிய மரத்தையும் புதிதாய் நட்ட கன்றையும் மழைக்காலத்துக் குருத்தழுகல் வந்து கொல்லும். அதனை விளைக்கும் கிருமி திராட்சை நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவாதலின், அழுகியதை நீக்கிப் போர்டோப் பசை தடவுகின்றனர்.

தெளிக்கும் கலவை செய்வது எளிது. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் கரைத்து, இரண்டையும் ஒருங்கே இரும்பல்லாத மூன்றாம் பாத்திரத்தில் ஊற்றல் வேண்டும். தோய்த்தெடுத்த கத்தியில் செம்பு படியின் இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும். அளவின்றித் தெளிப்பின் செம்பு மண்ணில் தேங்கித் தீங்கு செய்யும்.

மில்லார்டேக்கு முன்னும் அந்நீல இலைகளைப் பலர் கண்டிருப்பர். காரணம் வினவி ஆராய்ந்தவர் அவர். விடுமுறையில் தந்தையர் தோப்புக்குத் திரும்பும் நாமும் அங்ஙனம் நோக்கவும் வினவவும் கற்போமாயின், நம் கல்வி ஊர்க்கும் பயன்படும்.