இல்லை என்ற வாசல்களில் அம்மணி அம்மாள்

திருக்கோவலூர் உலகளந்த பெருமாளை ஸேவிக்கச் செல்லும் பாகவதர்களில் பலர் திருவண்ணாமலை வழியாகவே செல்கின்றனர். ஊரை நெருங்கும்போதே அருணாசலேசுவரர் கோயிலின் பெரிய கோபுரங்கள் நான்கும் கண்ணில் படும். கிழக்கே உள்ள ராஜகோபுரம் 217 அடி உயரம். க்ருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் நிறைவு செய்தார். வடக்குக் கோபுரம் 171 அடி. அதற்கு எந்த அரசர் பெயரும் வாய்க்கவில்லை. தமக்கென ஒரு காசும் வைத்துக்கொள்ளாத ஒரு பெண்துறவியின் பெயரால், அம்மணி அம்மன் கோபுரம் என்றே அது வழங்கி வருகிறது. சிவஸ்தலமாகையால் நம் திவ்யதேசக் கணக்கில் அவ்வூர் வாராது. ஆயினும் செல்வர்களிடம் த்ரவ்யம் கேட்டுக் கைங்கர்யம் நடத்த முற்படும் எவரும் அறியத்தக்கது அவ்வம்மையாரின் சரிதம் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரம் அவர் பிறந்த ஊர். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பர். தாய்மாமனுக்கு மணம் பேசியபோது அதற்கு இசையாமல் குளத்தில் குதித்தார் என்றும், மூன்றாம் நாள் மீண்டு வந்து, கையிலிருந்த மண்ணை ஊராருக்குப் பொரியாகக் கொடுத்தார் என்றும் அவ்வட்டாரத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பின்பு திருவண்ணாமலையே அவருக்கு இருப்பிடமாயிற்று. அங்கே வடக்குக் கோபுரம் தொடங்கிய நிலையிலேயே முடிவுறாமல் நின்றுகொண்டிருந்தது. அதை முடிப்பது தம் பணி என்று அம்மையார் துணிந்தார்.

துணிவு இருந்தது, பொருள் இல்லை. வீடு வீடாகச் சென்று கேட்டார். எளியவர்கள் இயன்றதை இட்டனர். தடை வந்தது செல்வர் வாசலில்தான். தர மாட்டோம் என்று அவர்களுள் ஒருவரும் சொல்லவில்லை. கையில் ஒன்றும் இல்லை என்றே சொன்னார்கள். அம்மையார் சினக்கவும் இல்லை, சபிக்கவும் இல்லை. அந்த வீட்டில் பணம் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தொகையோடு சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பாராம். இல்லை என்றவர் நாணி உள்ளே போய் எடுத்து வருவாராம்.

இதை ஸித்தியின் பெருமையாகச் சொல்வது வழக்கம். நெடுங்காலம் வங்கிக் கணக்குகளோடு பழகிய நமக்கு இதில் வேறொன்றும் தோன்றுகிறது. பெருந்தொகையை வைப்பில் வைத்திருப்பவர் தம்மிடம் பணம் இல்லை என்று சொல்லும்போது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஒரு தொகை மகள் கல்யாணத்துக்கு, ஒன்று மகன் வீட்டுக்கு, ஒன்று நோய்நொடிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் முன்பே பெயர் வைத்தாயிற்று. தர்மத்துக்கு என்று பெயரிட்ட தொகை மட்டும் அந்த மனக்கணக்கில் எக்காலத்தும் ஏறுவதில்லை. ஆகவே அவர் அளவில் இல்லை என்பது மெய்யே. அம்மையார் செய்தது, அப்பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு இருப்பை மட்டும் அவர் காதில் விழச் செய்தது.

ப்ரபத்தியின் அங்கங்களுள் கார்ப்பண்யம் ஒன்று என்பதை நம் வாசகர்கள் அறிவர். எம்பெருமான் திருமுன்பே, என்னிடம் ஒரு கைம்முதலும் இல்லை என்று நிற்கும் நிலை அது. வடமொழியில் அதே சொல்லுக்கு உலோபம் என்றும் பொருள் உண்டு; க்ருபணன் என்றால் இரங்கத்தக்கவனும் ஆவான், கஞ்சனும் ஆவான். ஸந்நிதியில் சொல்ல வேண்டிய இல்லை என்னும் சொல்லை, கைங்கர்யத்துக்குக் கேட்டு வந்தவரிடம் சொல்லிவிடுகிறோம். ஸந்நிதியிலோ நம் இருப்பையும் தகுதியையும் விரித்துச் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

திருமங்கையாழ்வார் இவ்விஷயத்தில் வேறு வழி கண்டவர். பாகவத ததீயாராதனத்துக்குக் கைப்பொருள் தீர்ந்தபின், வழிச்செல்லும் செல்வரை மறித்துப் பறித்தார். திருவரங்கத் திருமதில் கைங்கர்யத்துக்கு நாகப்பட்டினத்துப் பொன்சிலையும் தப்பவில்லை என்று குருபரம்பரை சொல்லும். ஆழ்வாரைப் பின்பற்ற நமக்கு அதிகாரமும் இல்லை, சட்டமும் இடம் கொடாது. அம்மணி அம்மாள் பறிக்கவில்லை, எண்ணிச் சொன்னதோடு நின்றார்.

உள்ளூர்ப் பொருள் போதாமற் போகவே மைசூர் மன்னரை நாடிச் சென்றார். வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. வெளியே அமர்ந்திருந்தவர் அதே வேளையில் அரசவையிலும் காணப்பட்டார் என்றும், வியந்த மன்னர் பெரும்பொருள் கொடுத்தனுப்பினார் என்றும் கதை. அப்பொருளால் மேல் நிலைகள் எழுந்தன.

அதுவும் தீர்ந்த ஒரு நாளில், வேலையாட்களுக்குக் கூலி கொடுக்க ஒன்றும் இல்லை. இங்கே இல்லை என்று சொல்ல வேண்டியவர் அம்மையாரே; அவர் சொன்னால் அது முழு உண்மையும்கூட. அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பிடி விபூதி கொடுத்து அனுப்பினார். அவரவர் பிரித்துப் பார்த்தபோது செய்த வேலைக்குரிய கூலி அதில் இருந்தது என்பர். ஏறவும் இல்லை, குறையவும் இல்லை என்று சொல்லப்படும் இடத்தையே நாம் மிகவும் ரஸிக்கிறோம். கொடையில் மட்டுமன்று, கூலியிலும் அவர் கணக்கு பிசகவில்லை.

கோபுரம் முற்றுப்பெற்றது. கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்களுள் கடைசியாக வருவது ஈசான்ய லிங்கம். அதற்கு எதிரே அம்மையாரின் ஸமாதி இருக்கிறது. மலையைச் சுற்றி வருபவர்கள் அதைக் கடந்துதான் மீண்டும் ஊருக்குள் வருகின்றனர்.