டாக்டர் சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்திற் பிறந்தவர். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இருமுறை தவறிச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து மூன்றாம் முறையே தேறினார். இதனை நம் மாணவர் குறித்துக்கொள்வாராக. வைத்தியம் பயிலுங்காற் கதராடை அணிந்தமையாற் பேராசிரியரின் சினத்துக்காளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார்.

அவருடைய தமையனார் புருஷோத்தமர் கிரகணி நோயால் மாண்டார். ஸ்ப்ரூ என ஆங்கிலேயர் வழங்குவது இதுவே. குடல் உணவின் சாரத்தை ஏலாமையால், உண்டும் உடல் உருகும் கொடிய நோய். அக்காலத்தில் அதற்கு ஏற்ற மருந்து இருக்கவில்லை.

அமெரிக்கா சென்ற சுப்பாராவ், வைத்தியசாலையில் இரவு ஊழியம் புரிந்து ஹார்வார்டிற் கற்றார். 1940இல் லெடர்லி ஆய்வுகூடம் புகுந்தார். 1945இல் அவர் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அங்கேயே முதியவரான டக்கர் மண்வாழ் நுண்ணுயிரொன்றிற் கண்டெடுத்த பொன்னிற மருந்தாகிய ஓரியோமைசின் 1948இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஐம்பத்துமூன்றே வயதிற் சுப்பாராவ் காலமானார்.

இன்று கிரகணிக்கு வைத்தியர் கொடுப்பவை போலிக் அமிலமும், ஓரியோமைசின் வழிவந்த டெற்றாசைக்கிளினுமாம். தமையனை இழந்த தம்பியின் கூடமே செயற்கைப் போலிக் அமிலத்துக்கும் ஓரியோமைசினுக்கும் பிறப்பிடம். ஆயினும் 1950களிலேயே யப்பானில் வயிற்றுளைவுக் கிருமிகள் டெற்றாசைக்கிளினுக்கு அடங்காது எழுந்தன. நோயாளருக்கென வந்த மருந்தைக் கோழிகள் கொழுக்கத் தீனியிலும் கலந்தது உலகம். எதிர்த்து நிற்கும் கிருமிகள் பெருக அதுவும் வழியாயிற்று.