பரிசுக்குப் பெயர் தந்தவர்: எட்வர்ட்ஸ் டெமிங்

ஒரு நிறுவனம் நன்றாக நடக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஆண்டு இறுதியில் வரும் இலாப நட்டக் கணக்கைப் பார்த்தால் போதும் என்பர் பலர். ஆனால், அந்தக் கணக்கு நடந்து முடிந்ததை மட்டுமே சொல்லும். நாளை வாடிக்கையாளர் மீண்டும் வருவாரா, ஊழியர் விருப்பத்தோடு வேலை செய்கின்றனரா, ஒரே தவறு ஏன் திரும்பத் திரும்ப நேர்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. இக்கேள்விகளுக்கு விடை தேடவே தர விருதுகள் தோன்றின. தலைமை, திட்டமிடல், பயிற்சி, வேலைமுறை, வாடிக்கையாளர் மனநிறைவு, பலன்கள் என்று பல அளவுகோல்களைக் கொண்டு அவை நிறுவனத்தை எடைபோடுகின்றன. மலேசியாவில் 1990ஆம் ஆண்டு பிரதமர் தர விருதும், சிங்கப்பூரில் 1994ஆம் ஆண்டு சிங்கப்பூர் தர விருதும் தொடங்கப்பட்டன.

இவற்றுக்கெல்லாம் மூத்தது ஜப்பானில் 1951ஆம் ஆண்டு தொடங்கிய டெமிங் பரிசு. அதற்குப் பெயர் தந்தவர் ஓர் அமெரிக்கர். மனிதர்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவதைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அப்படிப்பட்டவரின் பெயரில் மதிப்பிட்டு வழங்கும் பரிசு ஒன்று இருப்பது முரண்பாடு அல்லவா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

எளிய தொடக்கம்

வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங் 1900ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள சூ சிட்டியில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் வயோமிங் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. பாவெல் என்ற புதிய ஊரில் 40 ஏக்கர் நிலம் கிடைத்தது. ஆனால் விளைச்சல் போதவில்லை. தார் பூசிய காகிதம் போர்த்திய சிறு குடிலில் குளிரோடும் வறுமையோடும் அவர்கள் வாழ்ந்தனர். தாயார் பியானோ கற்றுக்கொடுத்தார். சிறுவன் எட்வர்ட்ஸ் பள்ளி நேரம் போகக் கிடைத்த வேலைகளைச் செய்து குடும்பத்திற்கு உதவினார். எதையும் வீணாக்கலாகாது என்ற பாடம் அந்நாளில் மனத்தில் பதிந்ததாக இருக்க வேண்டும். புகழ்பெற்ற பிறகும், வீட்டில் முட்டைகள் மீது தேதி எழுதிவைத்துப் பழையதை முதலில் உண்ணும் பழக்கம் அவரிடம் இருந்தது.

வயோமிங் பல்கலைக்கழகத்தில் 1921ஆம் ஆண்டு மின்பொறியியல் பட்டம் பெற்றார். 1928ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியலில் முனைவரானார். படிப்புக்கு இடையே கோடை விடுமுறைகளில் சிகாகோ நகருக்கு அருகே இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாவ்தார்ன் தொழிற்சாலையில் வேலை செய்தார். தொலைபேசிக் கருவிகள் செய்யும் அந்த ஆலையில் பல்லாயிரம் பேர் உழைத்தனர். செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி, செய்து முடித்த பிறகு சோதனை, பழுதானவை கழிவு. மனிதர்களை இப்படி வேலை வாங்குவது சரியா என்ற கேள்வி பின்னாளில் அவர் எழுத்துகளில் ஓயாமல் எழுந்தது.

ஷூஹார்ட் காட்டிய வழி

டெமிங் அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்தார். அக்காலத்தில்தான் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வால்டர் ஷூஹார்ட்டின் நட்பு கிடைத்தது. ஷூஹார்ட் 1924ஆம் ஆண்டு கட்டுப்பாட்டு வரைபடம் என்ற எளிய கருவியை உருவாக்கியிருந்தார். அதன் கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஒரு பேருந்து ஒரே தடத்தில் நாள்தோறும் ஓடுகிறது. ஒரு நாள் 30 நிமிடம், மறுநாள் 33, அடுத்த நாள் 28 என்று பயண நேரம் சற்று மாறுகிறது. இது இயல்பான ஏற்ற இறக்கம். ஒரு நாள் மட்டும் வழியில் விபத்து நேர்ந்ததால் 55 நிமிடம் ஆகிறது. இதற்குத் தனிக் காரணம் உண்டு; அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் 33 நிமிடம் எடுத்த நாளில் ஓட்டுநரை ஏசுவதும், 28 நிமிடம் எடுத்த நாளில் அவரைப் பாராட்டுவதும் பயனற்றவை. சராசரி நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தடத்தையும் நிறுத்தங்களையும் கால அட்டவணையையும் மாற்ற வேண்டும். அது ஓட்டுநரின் கையில் இல்லை. நிருவாகத்தின் கையில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை டெமிங் தம் சிந்தனையின் அடித்தளமாகக் கொண்டார். ஷூஹார்ட்டின் சொற்பொழிவுகளைத் தொகுத்து 1939ஆம் ஆண்டு நூலாக வெளிவரச் செய்தார். அதே ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு மாறினார். 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நூற்றுக்கு ஐவரிடம் மட்டும் கூடுதல் கேள்விகள் கேட்கும் மாதிரிக் கணிப்பு முறை அந்நாட்டில் முதன்முறையாகக் கையாளப்பட்டது. அதில் டெமிங்கின் பங்கு பெரிது. தரக் கட்டுப்பாடு தொழிற்சாலைக்கு மட்டும் உரியதன்று, அலுவலகத்திற்கும் பொருந்தும் என்பதை அத்துறையின் எழுத்தர் பணிகளில் அவர் செய்து காட்டினார்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பொறியாளர்களுக்கு இம்முறைகள் கற்பிக்கப்பட்டன. போர் முடிந்ததும் எல்லாம் மறக்கப்பட்டன. உலகெங்கும் அமெரிக்கப் பொருள்களுக்குத் தேவை இருந்தபோது தரத்தைப் பற்றிக் கவலைப்பட யாருமில்லை. பொறியாளர்களுக்குக் கற்பித்தோம், தலைவர்களுக்குக் கற்பிக்கவில்லை என்பதே இத்தோல்விக்குக் காரணம் என்று டெமிங் கருதினார்.

ஜப்பான் அழைத்தது

1947ஆம் ஆண்டு, கணக்கெடுப்புப் பணிகளுக்கு ஆலோசனை கூற அவர் போரில் சிதைந்த ஜப்பானுக்குச் சென்றார். அந்நாட்டு அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியம் 1950ஆம் ஆண்டு அவரை மீண்டும் அழைத்தது. இம்முறை பொறியாளர்களோடு நிற்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஒன்றியத்தின் தலைவர் இச்சிரோ இஷிகாவாவின் முயற்சியால் 1950ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் தோக்கியோவில் 21 பெருநிறுவனத் தலைவர்கள் அவர் உரையைக் கேட்கக் கூடினர்.

மூலப்பொருள் தருவோர் முதல் வாடிக்கையாளர் வரை எல்லாரையும் ஒரே சங்கிலியாக இணைக்கும் ஒரு வரைபடத்தை டெமிங் ஜப்பானில் விளக்கினார். தரம் உயர்ந்தால் கழிவும் மறுவேலையும் குறையும்; செலவு குறையும்; விலை குறையும்; சந்தை விரியும்; வேலை பெருகும் என்று காட்டினார். ஐந்தே ஆண்டுகளில் ஜப்பானியப் பொருள்கள் உலகச் சந்தையில் இடம்பிடிக்கும் என்றும் கூறினார். அக்காலத்தில் ஜப்பானியப் பொருள் என்றாலே மட்டமான பொருள் என்ற பெயர் இருந்ததால், கேட்டவர்களுள் பலரால் இதை நம்ப முடியவில்லை. ஆயினும் செய்து பார்த்தனர்.

பரிசும் அதன் அளவுகோல்களும்

டெமிங்கின் சொற்பொழிவுகள் ஜப்பானில் நூலாக வெளிவந்து நன்கு விற்பனையாயின. அதற்குரிய பங்குத் தொகையை அவர் பெற்றுக்கொள்ளவில்லை, ஒன்றியத்திற்கே கொடுத்துவிட்டார். அந்த நன்றிக்கு அடையாளமாக எழுந்ததே டெமிங் பரிசு. அதன் வெள்ளிப் பதக்கத்தில் அவர் முகம் பொறிக்கப்பட்டுள்ளது. தனிநபர்க்கு ஒன்று, நிறுவனங்களுக்கு ஒன்று எனப் பரிசு வழங்கப்பட்டது. டொயோட்டா நிறுவனம் 1965ஆம் ஆண்டு இதனைப் பெற்றது.

இப்பரிசின் விதிகளை வகுத்தவர்கள் ஜப்பானியர்களே. இது போட்டியன்று. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. தகுதி அடைந்த நிறுவனங்கள் எத்தனையோ அத்தனைக்கும் பரிசு உண்டு. ஒன்றுமே தகுதி பெறாத ஆண்டில் பரிசே இல்லாமலும் போகலாம். எல்லார்க்கும் பொதுவான ஓர் அச்சில் நிறுவனங்களை வார்ப்பதும் இல்லை. தன் தொழிலுக்கும் சூழலுக்கும் ஏற்ற குறிக்கோளைத் தலைமை வகுத்ததா, அதை அடைய எல்லா நிலை ஊழியரும் முறையாக உழைத்தனரா, அதனால் பலன் கிடைத்ததா என்பனவே அடிப்படைக் கேள்விகள்.

விண்ணப்பிக்கும் நிறுவனம் முதலில் தன்னைப் பற்றி விரிவான அறிக்கை எழுத வேண்டும். பிறகு பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் வல்லுநர்களும் ஆலைக்கே வருவர். நிறுவனம் காட்ட விரும்புவதைப் பார்த்த பின், தாம் பார்க்க விரும்புவதைப் பார்ப்பர். தலைவரைத் தனியே அமரவைத்துக் கேள்வி கேட்பர். தகுதி பெறாத நிறுவனத்திற்கும் நிறை குறைகளை விளக்கும் கருத்துரை கிடைக்கும்; திருத்திக்கொண்டு மீண்டும் சோதனைக்கு வரலாம். இவ்வாறு அமைந்ததால், பதக்கத்தைக் காட்டிலும் அதற்கான ஆயத்தமே பெரிய பயனாயிற்று.

சொந்த நாட்டில்

1960ஆம் ஆண்டு ஜப்பானியப் பேரரசர் பெயரால் புனிதக் கருவூலம் எனும் உயரிய விருது டெமிங்குக்கு வழங்கப்பட்டது. அமெரிக்காவிலோ அவரைப் புள்ளியியலாளர் வட்டத்திற்கு வெளியே அறிந்தவர் சிலரே. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டு, வாஷிங்டன் நகரில் தம் வீட்டின் கீழ்த்தள அறையிலிருந்து ஆலோசகராகப் பணியாற்றி வந்தார்.

1980ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஜப்பானின் வெற்றியையும் டெமிங்கையும் அமெரிக்க மக்களுக்கு அறிமுகப்படுத்தியது. அப்போது அவருக்கு வயது 79. பெரும் நட்டத்தில் தவித்த ஃபோர்டு நிறுவனம் அவரை அழைத்தது. தரத்தைப் பற்றிப் பேச வந்தவர் கார்களை விட்டுவிட்டு நிருவாகத்தைப் பற்றியே கேள்வி கேட்டார். 1986ஆம் ஆண்டு ஃபோர்டு, 1920களுக்குப் பிறகு முதன்முறையாக ஜெனரல் மோட்டார்ஸைவிட அதிக இலாபம் ஈட்டியது.

அவருடைய நான்கு நாள் கருத்தரங்குகளில் சிவப்பு மணிச் சோதனை புகழ்பெற்றது. ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் இருக்கும். 50 குழிகள் கொண்ட மட்டையால் ஒவ்வொருவரும் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி பழுதான பொருளாகக் கொள்ளப்படும். குறைவாக வந்தவருக்குப் பாராட்டு; அதிகம் வந்தவருக்கு எச்சரிக்கை. எவ்வளவு கவனமாக அள்ளினாலும் சிவப்பு மணிகள் வரத்தான் செய்யும். அவை பெட்டியிலேயே உள்ளன. சிரித்துக்கொண்டே பார்த்தவர்கள், தம் அலுவலகத்தின் ஆண்டு மதிப்பீட்டையே மேடையில் பார்க்கிறோம் என்பதைச் சற்று நேரத்தில் உணர்ந்தனர். குறைகளில் மிகப் பெரும்பகுதி அமைப்பைச் சேர்ந்தது, மனிதரைச் சேர்ந்ததன்று என்பதே டெமிங்கின் முடிவு.

இதனால்தான் அச்சத்தைப் போக்குங்கள், வெற்று முழக்கங்களையும் ஒதுக்கீட்டு எண்ணிக்கைகளையும் கைவிடுங்கள், ஆண்டுதோறும் ஊழியரைத் தரவரிசைப்படுத்தாதீர்கள் என்று அவர் வலியுறுத்தினார். பள்ளி, பல்கலைக்கழக மதிப்பெண் முறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. மாணவர் கட்டுரைகளை முழுதும் படிப்பார்; தாம் எங்கே சரியாகக் கற்பிக்கவில்லை, யாருக்கு உதவி தேவை என்பதை அறியவே படிப்பார்; எல்லாருக்கும் தேர்ச்சி அளித்துவிடுவார்.

1987ஆம் ஆண்டு அமெரிக்காவும் ஒரு தர விருதைச் சட்டமியற்றித் தொடங்கியது. அவ்வாண்டு குதிரையேற்ற விபத்தில் இறந்த வணிகத்துறைச் செயலாளர் மால்கம் பால்ட்ரிஜின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1,000 புள்ளிகளுக்கு மதிப்பிடும் அம்முறையை டெமிங் வெளிப்படையாகக் குறைகூறினார். முக்கியமானவை பலவற்றைப் புள்ளிகளால் அளக்க இயலாது என்பது அவர் வாதம். ஆனாலும், விருதுக்கு விண்ணப்பிக்காமலேயே அந்த அளவுகோல்களைக் கொண்டு தம்மைத் தாமே ஆராய்ந்து திருத்திக்கொண்ட நிறுவனங்கள் பல உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

இரு அனுபவங்கள்

1989ஆம் ஆண்டு ஃபுளோரிடா மின்சார நிறுவனம் டெமிங் பரிசு பெற்றது. ஜப்பானுக்கு வெளியே அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. பரிசுக்கான ஆயத்தத்தில் அறிக்கைகளும் படிவங்களும் பெருகி ஊழியர்களைச் சோர்வடையச் செய்திருந்தன. புதிய தலைமை வந்ததும் தரத்துறையைப் பெரிதும் சுருக்கிவிட்டது.

சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998ஆம் ஆண்டு இப்பரிசைப் பெற்றது. இந்தியாவில் முதலில் பெற்றது அதுவே. பரிசோடு நிற்காமல் தொடர்ந்து உழைத்து, முன்னரே பரிசு பெற்றவர்க்கு மட்டும் உரிய ஜப்பான் தரப் பதக்கத்தையும் 2002ஆம் ஆண்டு வென்றது. அதே ஆண்டு டிவிஎஸ் மோட்டார் நிறுவனமும் டெமிங் பரிசு பெற்றது. அளவுகோல் ஒன்றுதான், அதை முடிவாகக் கொள்வதா, தொடக்கமாகக் கொள்வதா என்பதில்தான் வேறுபாடு.

நமக்குரிய பாடம்

டெமிங் 1993ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் தம் 93ஆம் வயதில் காலமானார். இறப்பதற்குச் சில நாள் முன்புவரை கருத்தரங்கு நடத்தினார்.

தொடக்கத்தில் எழுந்த முரண்பாட்டிற்கு இப்போது விடை காணலாம். மனிதரை மனிதரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் மதிப்பீட்டை டெமிங் எதிர்த்தார். நிறுவனம் தன்னைத் தானே உற்றுநோக்கி, அமைப்பில் உள்ள குறையைக் கண்டு திருத்த உதவும் மதிப்பீட்டிற்கு அவர் வாழ்வே சான்று. முன்னது அச்சத்தை வளர்க்கும். பின்னது அறிவை வளர்க்கும்.

நாளை நம்முள் பலர் மேலாளர்களாவோம், ஆசிரியர்களாவோம். ஏதேனும் ஒரு படிவத்தில் பிறருக்கு மதிப்பெண் போடும் நிலை வரும். அப்போது, இந்தச் சிவப்பு மணி இவர் கையிலிருந்து வந்ததா, நாம் கொடுத்த பெட்டியிலிருந்து வந்ததா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தால், ஒருவருடைய ஓராண்டு உழைப்பு தவறாக எடைபோடப்படாமல் காப்பாற்றப்படும்.