தேர்வில் தவறிய மேதை

காரைக்காலின் தென்புறத்தே கடலொடு கலக்கும் அரசலாற்றை நம் பக்கத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அரிசிலாறு என்பது அதன் பழம்பெயர். காவிரியினின்று பிரிந்து வரும் அவ்வாறு, நம் ஊரை வந்தடையுமுன், கும்பகோணத்தின் தென்னெல்லையைத் தழுவி ஓடுகின்றது. அந்நகரின் வடபால் காவிரி, தென்பால் அரசலாறு. இவ்விரு நீருக்கும் இடைப்பட்ட அவ்வூரில், 1904ஆம் ஆண்டில், ஒரு மாணவரைப் பற்றி ஆசிரியரும் ஊராரும் பெருமிதத்தோடு பேசிக்கொண்டனர். அடுத்த ஆண்டிலேயே அவரைக் குறித்து இரங்கிப் பேசினர். அம்மாணவரே பின்னாளில் உலகம் போற்றும் கணித மேதையாக விளங்கிய சீனிவாச இராமானுஜம் ஆவார். அவர் பெற்ற புகழைப் பலரும் கூறுவர். புகழுக்கு முன் அவர் பட்ட தோல்வியே இங்கு விரித்துக் கூறப்படுகின்றது.

இராமானுஜம் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பத்திப் பாடல்கள் பாடுபவர்; கூரிய அறிவும் உறுதியும் வாய்ந்தவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர்களுடைய சிறு வீடு இருந்தது. வருவாய் போதாமையால், கல்லூரி மாணவர் சிலரை வீட்டில் தங்கவைத்து உணவளித்து, அதனால் வந்த பணத்தையும் கொண்டு காலங்கழித்தனர். அம்மாணவர்கள் அறிந்திருந்த கணிதம் முழுவதையும் சிறுவர் விரைவிற் கற்றுத் தீர்த்தார். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். பின்னர் நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்து, பதின்மூன்றாம் அகவையில், லோனி என்பார் எழுதிய திரிகோண கணித நூலைப் பிறர் துணையின்றிக் கற்றுத் தேர்ந்தார். 1200 மாணவரையும் 35 ஆசிரியரையும் கொண்ட அப்பள்ளிக்குக் கால அட்டவணை வகுக்கும் தொல்லையான வேலையிலும் ஆசிரியர் அவருடைய உதவியை நாடினராம்.

பதினாறாம் அகவையில் அவர் கைக்கு வேறொரு நூல் வந்தது. கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் ஒருவர் வாங்கித் தந்த அந்நூல், கார் என்னும் ஆங்கிலேயர் மாணவர்களைத் தேர்வுக்குப் பயிற்றுவதற்காகத் தொகுத்தது. அதில் ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிபுகள் வரிசையாக எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குரிய நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. நன்னூலை உரையின்றி, சூத்திரங்களை மட்டும் அச்சிட்டு ஒரு மாணவர் கையிற் கொடுத்தால் எங்ஙனம் இருக்கும்! பிறர் அதனை மூடி வைத்துவிடுவர். இராமானுஜமோ ஒவ்வொரு சூத்திரத்துக்கும் தாமே உரைகாணத் தலைப்பட்டார். உரை கண்டு முடியுமுன்னரே, அந்நூலில் இல்லாத புதிய சூத்திரங்கள் அவர்க்குத் தோன்றலாயின. முடிவை மட்டும் எழுதி, வழியை எழுதாது விடும் பழக்கமும் அந்நூலால் அவரிடம் படிந்தது என்பர்.

1904இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், கணிதத்துக்குரிய அரங்கநாதராவ் பரிசை அவர்க்கு வழங்கினார். முழு மதிப்பெண்ணும் இம்மாணவர்க்குக் குறைவே என்னும் கருத்துப்பட அவையோர் முன் அவரைப் பாராட்டினார். கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பயில உதவித்தொகையும் கிடைத்தது. அக்கல்லூரியைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று வழங்குதல் அந்நாளைய வழக்கம். ஏழைக் கணக்கர் மகனுக்கு இதனினும் பெரிய வாயில் வேறென்ன வேண்டும்? பட்டம் பெறுவார், நல்ல பதவி அடைவார், குடும்பத்தின் வறுமை தீரும் என்று அனைவரும் எண்ணினர்.

எண்ணியவாறு நடக்கவில்லை. எப்.ஏ. வகுப்பில் கணிதத்தோடு ஆங்கிலம், வடமொழி, உடலியல், கிரேக்க உரோமானிய வரலாறு ஆகியவும் பாடங்களாக இருந்தன. இராமானுஜத்தின் உள்ளம் கணிதம் ஒன்றனையே பற்றியது. பிற பாடங்கள் நடக்கும்போதும் அவர் தாளில் எண்களே எழுந்தன. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை நின்றது. தாயார் கல்லூரித் தலைவரை நேரிற் கண்டு முறையிட்டும் பயனில்லை, விதி இடங்கொடுக்கவில்லை. சில திங்கள் சம்பளம் கட்டிப் பயில முயன்றார், அதற்கும் வழியில்லை.

பெரும்புகழோடு அனுப்பப்பட்ட பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்புதல் எத்துணைத் துன்பம்! ஊரார் முகத்தை எதிர்கொள்ள இயலாமையாலோ, வேறெங்கேனும் வழி உண்டா என்று தேடியோ, 1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒருவரிடமும் கூறாது புகைவண்டி ஏறி விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பெற்றோர் பதறித் தேடினர். காணவில்லை என்னும் செய்தி நாளிதழில் வெளியாயிற்று. பின்னர் வீடு வந்து சேர்ந்தார்.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து மீண்டும் முயன்றார். அங்கும் கணிதப் பேராசிரியர்கள் அவரைக் கண்டு வியந்தனர். மூன்று மணி நேரக் கணக்குத் தேர்வை அரைமணிப் பொழுதில் எழுதி முடிப்பார் என்று உடன் பயின்றோர் பின்னாளிற் கூறினர். ஆயினும் உடலியல் அவர்க்கு அறவே ஒவ்வவில்லை. நோயும் இடையிற் புகுந்தது. அவ்வாண்டின் முடிவில் நடந்த தேர்வில் தவறினார். அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதினார்; கணிதத்தில் தேறி, ஏனையவற்றில் மீண்டும் தவறினார். கல்லூரிக் கதவு அதனோடு மூடிற்று. அப்போது அவர்க்கு அகவை இருபது.

தேர்வு முறையையே முழுதும் பழித்துவிடுதல் எளிது. அவ்விடைத்தாள்களைத் திருத்தியவர் தம் கடமையையே செய்தனர். தாளில் இல்லாததற்கு மதிப்பெண் இடுதல் யார்க்கும் இயலாது. ஆங்கிலமும் வரலாறும் கற்கத் தகாதவையும் அல்ல. இராமானுஜமும் சிறிது பொழுதை அவற்றுக்கு ஒதுக்கியிருப்பின் தேறியிருக்கலாம். ஆயினும், ஊற்றெடுத்துப் பெருகும் நீரைச் சிறிது நேரம் நில் என்றால் நிற்குமா? அவருடைய குறிப்பேட்டைக் கண்டு வியந்தார் பலர் இருந்தனர். அதில் உள்ளது இன்னது என்று மதிப்பிட வல்லவர் அருகில் ஒருவரும் இல்லை. மதிப்பிட அவர்கள் கையில் இருந்தது எப்.ஏ. அளவுகோல் ஒன்றே. இடர் அங்குதான் நேர்ந்தது.

அடுத்த சில ஆண்டுகள் இருள் சூழ்ந்தவை. தாள் வாங்கப் பணமின்மையாற் கற்பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிந்த முடிபை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். முழங்கை கறுத்துக் காய்த்துப்போயிற்று. 1909இல் ஜானகி அம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டில் ஓர் அறுவை மருத்துவமும் செய்துகொள்ள நேர்ந்தது. மருத்துவர் ஒருவர் பொருள் பெறாது அதனைச் செய்து உதவினார். உடல் தேறியதும் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார்.

திருக்கோவலூரில் துணை கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரை அவர் சென்று கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர் அவர். தம் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை தருமாறு இராமானுஜம் வேண்டினார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், அவ்வேலையைத் தர மறுத்துவிட்டார்! வருவாய்த்துறை அலுவலகத்தின் மூலையில் இவ்வறிவைப் புதைத்தல் தகாது என்பது அவர் எண்ணம். பரிந்துரை மடல்களோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். பின்னர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திரராவ் முதலில் ஐயுற்று, மீண்டும் மீண்டும் சோதித்து, இறுதியில் தெளிந்து, திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜத்துக்கு மனமில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தரானார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். இருவரும் இரவில் கற்பலகைகளோடு அமர்ந்திருப்பர்.

1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் மடல் எழுதினார். முன்னர் எழுதியவற்றால் பயன் விளையவில்லை. ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஓர் இரவு அமர்ந்து அம்மடலில் இருந்த சூத்திரங்களை ஆராய்ந்து, எழுதியவர் பெரும் கணிதப் புலவரே என்று தெளிந்தனர். சில முடிபுகள் ஐரோப்பாவில் முன்னரே கண்டறியப்பட்டவை, சில தவறானவை, பல எவரும் காணாதவை. பகா எண்களைப் பற்றி அவர் கூறியது தவறாயிற்று. அத்துறையின் தலையாய உண்மையைப் பிரஞ்சு நாட்டு அறிஞர் அதமார் 1896இலேயே நிறுவியிருந்தார். அந்நாளிற் பிரஞ்சுக் கொடி பறந்த காரைக்கால், கும்பகோணத்துக்கு ஒரு பகற்பொழுதின் வழியே. பிரஞ்சு நாட்டில் எழுந்த அக்கணிதமோ இராமானுஜத்தின் கைக்கு எட்டவில்லை. கற்பார் இன்றித் தனித்துக் கழிந்த அவ்விளமைக்காலமே ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று ஹார்டி பின்னர்க் கருதினார்.

ஹார்டியின் கடிதம் வந்தபின் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெற்றார்க்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகையை, எப்.ஏ.யும் தேறாத இவ்விளைஞர்க்குத் திங்களுக்கு 75 ரூபாயாக வழங்கியது. விதியைத் தளர்த்தும் மனம் வந்தால் வழியும் உண்டாகின்றது! கடல் கடத்தல் கூடாது என்று தடுத்த தாயார், குலதெய்வமாகிய நாமகிரித் தாயார் கனவில் இசைந்ததாகக் கூறி விடை கொடுத்தார். 1914 மார்ச்சு 17ஆம் நாள் இராமானுஜம் கப்பலேறினார்.

கும்பகோணத்து ஆசிரியர்க்கு நேர்ந்த இடரே இப்போது ஹார்டிக்கும் நேர்ந்தது. நிறுவல் முறையைக் கற்பிக்காது விட்டால் தவறுகள் தொடரும். வற்புறுத்திக் கற்பித்தால் ஊற்றே அடைபட்டுவிடும். அவர் இன்றியமையாதவற்றை மட்டும் மெல்ல எடுத்துக் கூறினார். தாம் கற்பித்ததனினும் கற்றுக்கொண்டதே மிகுதி என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். இருவரும் சேர்ந்து செய்த வேலைகளுள் எண்பிரிவினை தலையாயது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10ஐப் பிரிக்கும் வகை 42. 100க்கோ 19,05,69,292 வகை! இவ்வெண்ணிக்கையை நெருங்கிக் காட்டும் சூத்திரத்தை இருவரும் 1918இல் வெளியிட்டனர். 200 வரை மக்மாகன் என்பார் கையாற் கணக்கிட்டிருந்த அட்டவணையோடு அது பொருந்திற்று. அவ்வட்டவணையை நோக்கியிருந்த இராமானுஜம் மற்றொன்றையும் கண்டார். 4, 9, 14, 19 எனக் கடையில் 4 அல்லது 9 வரும் எண்களின் பிரிவினைத் தொகை 5, 30, 135, 490 என எப்போதும் ஐந்தால் வகுபடும். எத்தனையோ பேர் கண்முன் இருந்த அழகு அது. அவர் ஒருவர் கண்ணிற்பட்டது.

1729 என்னும் எண்ணின் கதையை நீங்கள் முன்னரே கேட்டிருப்பீர்கள். ஆதலின் இங்குக் கூறவில்லை. 1916இல் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக அவர்க்குப் பி.ஏ. பட்டம் அளித்தது. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். போர்க்காலம், குளிர், மரக்கறி உணவின் அருமை ஆகியவற்றால் அவர் உடல் முன்னரே நலிந்திருந்தது. 1919இல் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கிக் கணக்கிட்டுக்கொண்டே இருந்ததை ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் அகவையில், சென்னையில் இராமானுஜம் மறைந்தார்.

அவ்விறுதி நாள்களில் எழுதிய தாள்கள் கடல் கடந்து அறிஞர் சிலர் கைமாறி, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 138 பக்கங்களில் அறுநூற்றுக்கு மேற்பட்ட முடிபுகள். கார் நூலிற் போலவே நிறுவல் இல்லை. ஆண்ட்ரூசும் பெர்ண்ட் என்பாரும் அவற்றுக்கு உரைகண்டு ஐந்து தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றுள் இறுதித் தொகுதி வெளிவந்தது 2018ஆம் ஆண்டில்.